நோய் மருந்துக்குக் கேட்காமல் போனால்

புற்றுநோயாளியின் பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நோய் கூடியிருக்கிறது’ என்று ஒரு வரி வந்தால் போதும், வீட்டில் அன்றைக்கே வேறு மருந்து, வேறு ஆஸ்பத்திரி என்று பேச்சு கிளம்பிவிடும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து பெங்களூருக்கு வரும் குடும்பங்களில் பலர் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்து வருகிறார்கள். பரவிய புற்றுநோயில் அடுத்த மருந்து வழக்கமாக முந்தையதைவிடக் குறைந்த காலமே நோயைப் பிடித்து வைக்கும். எனவே கையிலிருக்கும் மருந்தை அவசரப்பட்டு விடக்கூடாது.

முதலில், வளர்ச்சி நிஜமா? அளந்துவரும் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். சிகிச்சையில் எட்டிய மிகக் குறைந்த அளவைவிட அது 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடியிருக்க வேண்டும். அல்லது புதுக் கட்டி தெரிய வேண்டும். 12 மி.மீ. கட்டி 14 ஆனது அளவெடுப்பதில் வந்த வித்தியாசமாகவே இருக்கலாம். ஆகவே போன ஸ்கேனோடு, நோய் மிகவும் அடங்கியிருந்தபோது எடுத்த ஸ்கேனின் சிடியையும் கொண்டுவாருங்கள். எலும்பில் இன்னொரு குழப்பம் உண்டு. புண் ஆறும்போது கால்சியம் படிந்து, முன்பு தெரியாத இடம் வெள்ளையாகத் தெரியும். மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் அதைப் புதுக் கட்டி என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. ரத்தத்தில் பார்க்கும் சிஏ 15-3 போன்ற புற்றுநோய் மார்க்கர்களும் முதல் 4–6 வாரம் ஏறிவிட்டு இறங்கலாம். மார்க்கர் ஏறியதற்காக மட்டும் மருந்தை மாற்றுவதில் மருத்துவர்களான எங்களுக்கு உடன்பாடில்லை.

அடுத்தது, மருந்து உடம்பில் போதுமான அளவு சேர்ந்ததா? நுரையீரல் புற்றுக்கான எர்லோடினிப், கெஃபிடினிப் மாத்திரைகளை வயிற்று அமிலம் இருந்தால்தான் உடம்பு நன்றாக உறிஞ்சும். அமிலத்தைக் குறைக்க மெடிக்கலில் கேட்டு வாங்கும் பான்டோபிரசோல் அதைக் கெடுக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், அதே புற்றுக்கான ஓசிமெர்டினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். பணம் தட்டுப்பட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்குகிறவர்களும் உண்டு. டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். மறைத்தால் நல்ல மருந்தைத் தோற்ற மருந்தாக எழுதிவிடுவோம்.

வளர்ந்தது ஒன்றிரண்டு இடத்தில் மட்டும், மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது என்றால், அந்த இடத்துக்குத் துல்லியக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டுப் பழைய மருந்தையே தொடரலாமா என்று கேளுங்கள். சிலருக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது.

பல இடங்களில் வளர்ந்திருந்தால், முடிந்தவரை மறுபடி பயாப்ஸி, அதாவது திசு எடுத்துப் பார்ப்பது. மூன்று வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட் இன்றைய நோயைச் சொல்லாது. மார்பகப் புற்றில் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2 என்ற புரதமும் மாறியிருக்கலாம். லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கு இஎஸ்ஆர்1 மரபணுவில் மாற்றம் வந்திருக்கலாம். இஎஸ்ஆர்1-ஐ ரத்தத்திலேயே பார்க்கலாம், ஆனால் ரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால் அதுவே முடிவல்ல. இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றமுள்ள நுரையீரல் புற்று சிலரிடம் சிறுசெல் என்ற வேறு வகையாக உருமாறும்; அதை உறுதிசெய்யத் திசு வேண்டும். எலும்பிலிருந்து எடுத்தால், லேபில் இடிடிஏ கரைசலில் மென்மையாக்கச் சொல்லுங்கள். கடும் அமிலத்தில் போட்டால் டிஎன்ஏ சிதைந்து, மரபணுப் பரிசோதனைக்குக் கட்டிய காசு வீணாகும். திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கைத் திரும்ப வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

இதற்கெல்லாம் ஓரிரு வாரம் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. மஞ்சள் காமாலை கூடுவது, மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு கால் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

பிறகு உடல் தெம்பு. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிப்பவருக்கு இன்னொரு கீமோ பெரும்பாலும் தொல்லையைத்தான் கூட்டும். குறிப்பிட்ட மரபணு மாற்றத்துக்கான மாத்திரை கிடைத்தால் அது விதிவிலக்கு. எந்த மருந்தானாலும் தொடங்கும் முன்பே மூன்று கேள்வி கேளுங்கள்: மருந்துக்கு நோய் கேட்டால் எத்தனை மாதம் பிடித்து வைக்கும், எந்த ஸ்கேனில் முடிவெடுப்போம், என்ன நடந்தால் நிறுத்துவோம். மருந்துச் சோதனைகளில் சேர விரும்பினால் இந்தியாவின் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ பதிவேட்டில் தேடலாம். அங்கே பதிவாகாத ‘சோதனை’க்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வலி, பசியின்மை, தூக்கம் கெடுவது இவற்றுக்கான ஆதரவு சிகிச்சையைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைப்பதுதான் நம்மூரில் பெரிய கோளாறு. பரவிய நுரையீரல் புற்றில் அதை ஆரம்பத்திலேயே பெற்றவர்கள், தீவிர சிகிச்சை குறைவாக எடுத்தும் கூடுதல் நாள் வாழ்ந்ததாக 2010-இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. மருந்து மாற்றம் பற்றிப் பேசும் அதே நாளில் அந்தப் பிரிவுக்கும் சீட்டு எழுதி வாங்குங்கள். சிகிச்சைக்கு இனி வழியில்லை என்ற நிலைக்கு பெங்களூரில் கருணாஷ்ரயா என்ற ஆதரவு இல்லம் இருக்கிறது. அங்கே கட்டணம் வாங்குவதில்லை.