விண்வெளிக்கு மல்லாந்து போவது ஏன்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ரிச்சர்ட் கேரியட் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன் ஐயா. கோடீஸ்வரர், காசு கட்டிப் போகிறார், சரி. ஆனால் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் போகிறவர்களை முன்கூட்டியே ஜிப்சத்தில் படுக்கவைத்து, மாவுக்கட்டு போடுவது மாதிரி முதுகை அச்சு எடுக்கிறார்களாமே, எதற்கு?"

கேரியட் கணினி விளையாட்டுகளில் சம்பாதித்தவர். சுமார் 3 கோடி டாலர் கொடுத்து 2008 அக்டோபரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பறந்தார். அப்பா ஓவன் கேரியட் 1973-லேயே ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில் தங்கியவர். ராக்கெட் மேலே போவது நியூட்டனின் மூன்றாம் விதி. அதைப் பள்ளியிலேயே படித்தாயிற்று. இரத்தக் கணக்குக்கு வருவோம்.

உட்கார்ந்திருப்பவரின் மூளை இதயத்துக்கு ஏறத்தாழ 30 செ.மீ. மேலே இருக்கிறது. அவ்வளவு உயரம் இரத்தம் ஏறுவதற்குள் 23 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் குறைந்துவிடும். இதயம் 120 கொடுப்பதால் நமக்குக் கவலையில்லை. திரும்பி வரும் கலம் காற்றில் வேகம் இழக்கும்போது உடம்பு நாலைந்து மடங்கு கனக்கிறது, இரத்தமும்தான். 23-ஐ 5-ஆல் பெருக்குங்கள்: 115. மிச்சம் வெறும் 5! முதலில் கண் இருட்டும். கண்ணுக்குள் ஏற்கெனவே 10 முதல் 20 வரை அழுத்தம் இருக்கிறது. அதை மீறித்தான் இரத்தம் நுழைய வேண்டும். அப்புறம் நினைவு தப்பும். அதே ஆளை மல்லாத்திப் படுக்கவையுங்கள். இதயமும் மூளையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பெருக்குவதற்கு உயரமே இல்லை! இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காது.

படுத்தால் பாரம் முழுதும் முதுகுக்கு. அங்கே சிறு இடைவெளி இருந்தாலும் அழுத்தம் ஓரிரு எலும்புகளில் குவியும். அதனால்தான் இருக்கையில் பொருத்த ஆளுக்கொரு அச்சு. 2008 ஏப்ரலில் ஒரு சோயுஸ் வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில் இறங்கி, உள்ளே இருந்த மூவரும் எட்டு மடங்கு எடையைத் தாங்கினார்கள். தென் கொரியாவின் யி சோ-யோன் முதுகுவலியோடு மருத்துவமனைக்குப் போனார். ஒழுங்காக இறங்கினாலும் பாராசூட்டில் வேகம் வினாடிக்கு 7 மீட்டர். தரை ஒரு மீட்டருக்குள் வந்ததும் சிறு ராக்கெட்டுகள் கீழ்நோக்கிச் சீறி அதைக் குறைக்கும். அப்படியும் அடி உண்டு.

மணக்குள விநாயகர் கோயில் வாசலில் புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைப்பதைக் கேலி செய்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளலாம்: ககாரின் செய்தார் என்பதற்காக, சோயுஸ் வீரர்கள் ஏவுதளம் போகும் வழியில் பஸ்ஸின் பின்சக்கரத்தில் சிறுநீர் கழிப்பார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை. உடலியல் ஆய்வுக்குப் பணம் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

கேரியட் ஒரு சோயுஸில் ஏறி வேறொன்றில் இறங்கினார். இப்படிக் கலம் மாறுகிறவர்கள் தங்கள் இருக்கை அச்சையும் கையோடு மாற்றிக்கொள்வார்கள். இன்னொன்று, எடையில்லாத இடத்தில் முதுகெலும்பு நீண்டு ஆள் சில செ.மீ. உயரமாகிவிடுவார். அந்த வளர்ச்சிக்கும் சேர்த்துத் தலைப்பக்கம் இடம் விட்டுத்தான் அச்சைச் செய்கிறார்கள்.