மலத்தில் பூச்சி விழவில்லை என்றால் வயிற்றில் பூச்சியே இல்லையா?

நடவுக்கும் களைபறிக்கும் போகிற பெண்கள் மூச்சிரைத்துக்கொண்டு வருகிறார்கள். ஹீமோகுளோபின் 6. ரத்தம் ஏற்றி அனுப்பினால் அடுத்த அறுப்புக்குள் மறுபடி 6. பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் வீட்டில் குறைவில்லாமல் நடக்கிறது. பூச்சி மாத்திரை போட்டீர்களா என்றால், "ஒரு பூச்சிகூட விழலையே டாக்டர்" என்கிறார்கள்.

விழாதும்மா! விழுவது கீரிப்பூச்சியும் நாக்குப்பூச்சியும். உங்கள் ரத்தத்தைக் குடிக்கிற கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர்தான். சிறுகுடலின் உள்சவ்வைக் கவ்விக்கொண்டு வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். வெளியே வருவது முட்டை மட்டும், அது மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். கசியும் ரத்தம் வழியிலேயே செரித்துவிடுவதால் மலம் சிவப்பாகவும் இருக்காது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அன்று காலை மலத்தை உடனே லேபில் கொடுங்கள், நேற்றையது உதவாது.

புழு சவ்வை வாய்க்குள் இழுத்து, அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கிழிக்கிறது. ரத்தம் உறையாதபடி ஒரு பொருளையும் சுரக்கிறது. அதனால் அது இடம் மாறிக் கடித்த பிறகும் பழைய புண் கசியும். கொக்கிப்புழுவிலேயே பெரிய வகை 100 இருந்தால் தினம் 15 மில்லிக்கு மேல் ரத்தம் போகும். நல்ல ரத்தம் 1 மில்லியில் 0.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அப்படியானால் 7 மில்லிகிராமுக்கு மேல் இழப்பு. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுப்பது சாதாரணமாக 1 முதல் 2 மில்லிகிராம். கீரை எப்படி ஈடுகட்டும்?

இனிப்பு தின்பதால் இது வருவதில்லை. வாய்க்கால் கரை, மூங்கில் கொல்லை, தென்னந்தோப்பு நிழல் என்று ஈரமண்ணில் மலம் கழித்த இடத்தில் குஞ்சு ஒரு வாரத்தில் தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. விரலிடுக்கில் அரிக்கும் பொரிகள் எல்லாமே சேற்றுப்புண் அல்ல, புழு ஏறிய இடமாகவும் இருக்கலாம்.

சேற்றில் செருப்பு நிற்காது, தெரியும். கரையிலும் கொல்லையிலுமாவது போடுங்கள். கழிவறையை விறகு அடுக்க விடாதீர்கள்.

பெரியவர்களுக்குப் பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கூடாது. பிறகும் டாக்டரைக் கேட்டே போட வேண்டும். பிப்ரவரி, ஆகஸ்ட் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தருகிறார்கள், தவறவிடாதீர்கள். 2 வயதுக்குள் பாதி மாத்திரை, பொடித்து. 2 முதல் 3 வயதுக்கு முழு மாத்திரை, அதையும் பொடித்து. மற்றவர்கள் மென்று விழுங்கட்டும்.

அதிக மாதப்போக்கு, மூலம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். புழு போனதும் ரத்தம் தானாக ஏறிவிடாது. இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் வேண்டும். டீயோடு மட்டும் போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.