அனஸ்தீசியா: மயக்கமா, மரப்பா?

பெரியம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அறுவைக்கு முதல் நாள் டாக்டர் "ஜிஏ" (ஜெனரல் அனஸ்தீசியா) என்றார். தமிழில் எடுத்துச் சொல்வது என் பொறுப்பு. "தூங்க வைப்பாங்க பெரியம்மா" என்றேன். உடனே கேட்டார்: "வெட்டும்போது முழிச்சுக்கிட்டா என்னப்பா பண்றது?"

நியாயமான கேள்வி. தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுந்துவிடுவார். முழு மயக்கத்தில் இருப்பவரைக் கத்தி வைத்தாலும் எழுப்ப முடியாது. தூக்கம் என்று சொன்னது என் தவறு. "தூக்கமில்ல, மயக்கம்" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

சிங்கப்பூர் வார்டில் ஒரே பொருளுக்கு நாலு மொழியில் சொல் கிடைக்கும். எதிர்க் கட்டில் மலாய் அம்மாவுக்கு அது 'பியுஸ்'. பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டிக்கு 'மாட்ஸுய்'; அதன் முதல் எழுத்து மரத்துப்போவதையும் இரண்டாவது போதையேறுவதையும் குறிக்கும். ஆங்கிலம் வழியாக வந்த அனஸ்தீசியாவுக்கு வேர் கிரேக்கம்: 'அன்' என்றால் இல்லாமை, 'ஐஸ்தேசிஸ்' என்றால் புலனுணர்வு. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து, வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று காட்டினார். அடுத்த மாதமே, மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதி, அந்த நிலைக்கு இந்தப் பெயரைப் பரிந்துரைத்தார்.

கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்தால் 'உணர்விழப்பு'. அது பல் பிடுங்கும்போது போடும் ஊசிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஈறில் உணர்வு போகிறது, நாம் விழித்துத்தான் இருக்கிறோம். அதற்கு நம்மிடம் இன்னும் நல்ல சொல்லே உண்டு: மரப்பு. கால் மரத்துப்போச்சு என்று தினமும் சொல்கிறோமே, அதேதான்.

முழு மயக்கத்தில் போவது வலி மட்டுமல்ல, 'நான்' என்ற அறிவும்தான். பால்போல் வெள்ளையாக இருக்கும் புரொபோஃபால் என்ற மயக்க மருந்து ரத்தக்குழாயில் ஏறியதும், மூளையில் காபா என்ற வேதிப்பொருளின் அடக்கும் வேலையைப் பலமடங்காக்குகிறது. மூளை அலைகள் பெரிதாகி, மெதுவாகின்றன. ஆனால் மூளை அணைந்துவிடுவதில்லை. காதில் விழும் ஒலிக்குக் கேட்கும் பகுதி ஓரளவு அசைந்து கொடுக்கிறது. அந்தச் செய்திதான் மற்ற பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்து பொருளாவதில்லை. கீட்டமைன் வேறு வழியில் வேலை செய்யும் மருந்து. அதில் அலைகள் வேகமாகவே ஓடும். அப்போதும் மூளையின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே பேச்சு குறைந்துவிடுகிறது.

இங்கேதான் 'மயக்கம்' என்ற சொல்லின் பழைய பொருள் என்னை நிறுத்தி வைக்கிறது. மயங்குதல் என்றால் முதலில் கலத்தல். ஐம்பூதமும் கலந்த மயக்கமே உலகம் என்கிறது தொல்காப்பியம். இலக்கணத்தில் மெய்யெழுத்துகள் சேரும் மெய்ம்மயக்கம், திணைகள் கலக்கும் திணைமயக்கம் எல்லாம் இந்தக் கலப்புதான். அந்தப் பொருளில் பார்த்தால், எல்லாப் பகுதியும் ஒன்றோடொன்று கலந்து பேசும் விழித்த மூளைதான் மயக்கம்! மருந்து செய்வது அந்தக் கலப்பைப் பிரிப்பது. பிறகு கலப்பு கலக்கமாகி, அறிவு தடுமாறுவதாகி, இன்று நினைவு தப்புவதில் வந்து நிற்கிறது. வழக்கில் நிலைத்த பொருள் அதுதான், அதையே வைத்துக்கொள்வோம். ஆனால் லேசான தலைசுற்றலையும் மயக்கம் என்றே சொல்கிறோம். அதனால் அறுவை பற்றிப் பேசும்போது 'முழு மயக்கம்' என்று சேர்த்துச் சொல்வது நல்லது. ஓரிடத்து ஊசிக்கு 'மரப்பூசி' போதும்.

மறுநாள் பெரியம்மாவை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை மணி நேரம் ஓடியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இப்பத்தானே கூட்டிட்டுப் போனாங்க, ஏன் திரும்பக் கொண்டாந்துட்டாங்க?" என்றார்.