நெட்டி முறியும் சத்தமும் முதுகெலும்பும்

விரலில் நெட்டி முறித்துவிட்டு, அதே விரலை உடனே மறுபடியும் மடக்கிப் பாருங்கள். சத்தம் வராது. ஏறத்தாழ 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். முதுகில் கைவைத்துச் செய்யும் சிகிச்சைகளைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

மூட்டுக்குள் வழவழப்பான திரவம் உண்டு. அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் விழுந்து, ஒரு குமிழி உருவாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரலை இழுத்துக்கொண்டே எம்ஆர்ஐ படம் பிடித்து, சத்தம் எழும் கணத்தில் அந்தக் குமிழி தோன்றுவதைக் காட்டினார்கள். குமிழி பிறப்பதால் சத்தமா, சுருங்குவதால் சத்தமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. முள்ளெலும்புகளின் பின்பக்கத்துச் சிறு மூட்டுகளிலும் நடப்பது இதுவே. விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர், முதுகெலும்பைக் கையால் தள்ளிச் செய்யும் சிகிச்சையான கைரோபிராக்டிக்கைத் தொடங்கினார். முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றார். அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னதாகவே ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், எலும்பையும் தசையையும் கையால் அசைத்துச் செய்யும் இன்னொரு சிகிச்சையான ஆஸ்டியோபதியைத் தொடங்கியிருந்தார். அவர் ரத்த ஓட்டத்தைக் காரணம் காட்டினார். பிசியோதெரபி வழியில், ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மைட்லண்ட் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மூட்டை அசைக்கும் முறைகளைப் படிநிலைகளாக வகுத்தார்.

மேசைமேல் இந்த முறைகள் எப்படி வேறுபடுகின்றன? கைரோபிராக்டிக்கின் அடையாளமான முறையில், இடுப்பு வலிக்காரரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, உடலை மெல்ல முறுக்குகிறார்கள். தசையின் தளர்ச்சி எல்லாம் தீர்ந்து, இனி நகராது என்ற இடம் வரும். அங்கே ஒரு கணம் நிறுத்தி, ஒரே தள்ளு. அது ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குகூட நீடிக்காது; படுத்திருப்பவரால் தடுக்கவோ நிறுத்தவோ முடியாது. மைட்லண்டின் முதல் நான்கு படிகளில் அந்தத் தள்ளு கிடையாது. கட்டைவிரல்களை முள்ளெலும்பின்மேல் வைத்து, நொடிக்கு இரண்டு மூன்று முறை என்ற தாளத்தில் அழுத்தி விடுகிறார்கள். வலித்தால் “போதும்” என்று சொல்லலாம். எனக்கு இந்த வேறுபாடுதான் மிக முக்கியமாகப் படுகிறது. மசாஜ் இரண்டிலிருந்தும் விலகியது. அது மூட்டை விட்டுத் தசையோடு பேசுகிறது.

எலும்பு உண்மையில் நகர்கிறதா? 1998இல் ஸ்வீடனில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நுட்பமான எக்ஸ்ரே அளவீடு. கையால் தொட்டுப் பார்த்தவர்கள் “சரியாகிவிட்டது” என்றார்கள். எக்ஸ்ரேயில் எலும்பின் நிலை மாறவே இல்லை. 2004இல் வந்த இன்னோர் ஆய்வு, கைரோபிராக்டர்களின் தள்ளு எந்த மூட்டில் சத்தத்தை எழுப்பியது என்று கருவி வைத்துப் பார்த்தது. இடுப்புப் பகுதியில் குறிவைத்த இடத்திலிருந்து சராசரியாக 5 சென்டிமீட்டர் தள்ளி வந்தது சத்தம்.

ஆனால் வலி குறைந்தவர்கள் பொய் சொல்லவில்லை. மூட்டையும் தசையையும் வேகமாக இழுக்கும்போது அங்குள்ள உணர்வு நரம்புகள் தண்டுவடத்துக்குச் செய்தி மழை பொழிகின்றன. வலி உணர்வு சற்று நேரம் மட்டுப்படுகிறது, இறுகிய தசை இளகுகிறது. அக்கறையோடு தொடும் கையும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கின்றன. எலும்பைக் குறிபார்க்காமலேயே பலன் கிடைப்பது இதனால்தான் என்பது என் கணிப்பு.

பலனின் அளவு என்ன? புதிதாக வந்த இடுப்பு வலிக்கு இந்தக் கைச்சிகிச்சையைச் சோதித்த 26 ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தபோது, 100 புள்ளி அளவுகோலில் வலி, ஒப்பிடப்பட்ட மற்றவர்களைவிடச் சுமார் 10 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. நாள்பட்ட வலிக்கான 47 ஆய்வுகளின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பில், பரிந்துரைக்கப்படும் உடற்பயிற்சி போன்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவே கைச்சிகிச்சை நின்றது. ஆகவே, எலும்பு விலகியிருக்கிறது என்று பயமுறுத்தி மாதக்கணக்கில் வரச் சொல்பவரை நான் மன்னிக்க மாட்டேன். அந்தப் பயத்தில் குனியவும் நடக்கவும் அஞ்சுகிறவருக்கு வலி நீள்கிறது.

கழுத்து தனிக் கவனம் கேட்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியே ஏறுகின்றன. திடீர்த் தள்ளுக்குப் பிறகு தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தது அரிதாகப் பதிவாகியிருக்கிறது. தமனி முன்பே கிழிந்து, அந்த வலிக்காகவே சிலர் சிகிச்சைக்குப் போயிருக்கவும் கூடும். எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். கழுத்துக்கு மெதுவான முறையைக் கேட்டு வாங்குங்கள். எலும்பு மெலிவு நோய் இருப்பவர்களுக்குத் தள்ளு எங்கேயும் வேண்டாம்.

இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, யாருடைய கையையும் தேடாதீர்கள். அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.