"அனுப்பிட்டேன் அங்கிள்": கார் விற்ற பணம் வெளிநாட்டிலிருந்து வரும்போது

ஒரு திங்கட்கிழமை காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் வங்கிக் கிளைக்கு வந்தார். கையில் ஒரு கலர் பிரிண்ட். "சார், சனிக்கிழமையே துபாயிலிருந்து பணம் போட்டாச்சாம். இன்னும் ஏறலையே, கொஞ்சம் பாருங்க" என்றார். விற்கப்போவது ஸ்விஃப்ட் கார், கையில் இருந்ததும் 'ஸ்விஃப்ட் காப்பி', அதாவது நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் போன சேதியின் நகல். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இணையத்தில் விளம்பரம் போட்ட அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்திருக்கிறார். ஊரில் இருக்கும் அப்பாவுக்காக வாங்குகிறாராம். இவர் 4,10,000 ரூபாய் சொன்னார், அவர் உடனே சரி என்றார். வண்டியைப் பார்க்க ஒரு ஆள்கூட வரவில்லை. டயரைக் குறை சொல்லாமல், பத்தாயிரமாவது குறைக்கச் சொல்லாமல் நம் ஊரில் பழைய கார் கைமாறி நான் பார்த்ததில்லை. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்புறம் அந்தச் செய்தி: "20,000 திர்ஹாம் அனுப்பிட்டேன் அங்கிள், நாலரை லட்சம் வரும். கூட இருக்கும் 40,000-ஐ வண்டி ஏற்றிப்போகும் லாரிக்காரருக்கு ஜிபே பண்ணிடுங்க." லாரிக்காரர் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாராம்.

அந்த 40,000-க்காகத்தான் இத்தனை நாடகமும். வண்டி அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் இதே வேலையைப் போலி காசோலை வைத்துச் செய்கிறார்கள். வங்கி முதலில் வரவு வைத்துவிடும். காசோலை போலி என்று தெரிய வாரக்கணக்கில்கூட ஆகும். அதற்குள் விற்றவர் 'மிச்சத்தை' அனுப்பியிருப்பார், வங்கியோ வரவு வைத்ததை அவரிடமே திரும்பக் கேட்கும். இங்கே காசோலைக்குப் பதில் ஒரு கலர் பிரிண்ட்.

அந்தப் பிரிண்ட்டை மேசையில் விரித்துப் பார்த்தேன். வங்கி முத்திரை பளிச்சென்று இருந்தது. ஆசிரியரின் பெயரும் கணக்கு எண்ணும் சரியாகவே இருந்தன; அவரே கொடுத்ததுதானே. கண்ணில் பட்டது யூ.ஈ.டி.ஆர். எண். ஸ்விஃப்ட் வழியாகப் போகும் பணத்துக்கு 36 இடம் கொண்ட இந்த அடையாள எண் உண்டு. அதில் 0 முதல் 9 வரை எண்கள், 'ஏ' முதல் 'எஃப்' வரை எழுத்துகள், இடையில் சிறு கோடுகள், அவ்வளவுதான் வரும். இந்தக் காகிதத்தில் 'இசட்' இருந்தது, 'கே' இருந்தது.

இதைப் படித்துவிட்டு நீங்களே காகிதத்தைச் சோதிக்க உட்காராதீர்கள். நாளைக்கே சரியான எழுத்துகளோடு போலி வரும். உண்மையான ஸ்விஃப்ட் காப்பியாகவே இருந்தாலும், அது ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொன்ன சேதிதான். உங்கள் கணக்கில் பணம் ஏறியதற்கு அது அத்தாட்சி ஆகாது. உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது கிளைக்கு வந்து கேளுங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பையோ குறுஞ்செய்தியையோ நம்ப வேண்டாம். 'உங்கள் பணம் ரிசர்வ் வங்கியில் நிற்கிறது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் படித்து முடிக்கவே தேவையில்லை. ரிசர்வ் வங்கி தனிநபர்களின் பணத்தை அப்படி வைத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வாடிக்கையாளருக்குப் பணம் நிஜமாகவே வந்தது. வாங்குபவர் சிங்கப்பூரில் இருப்பதாகச் சொன்னார். மூன்று லட்சமும் மூன்று தவணையாக, இந்தியாவிலேயே உள்ள மூன்று கணக்குகளிலிருந்து வந்தது. மூன்றும் முன்பின் தெரியாத பெயர்கள். 'நண்பர்கள் மூலம் அனுப்பினேன்' என்று விளக்கம். இவர் வண்டியைக் கொடுத்துவிட்டார். பத்து நாள் கழித்து வேறு மாநிலத்துக் காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் கணக்கு முடக்கப்பட்டது. யாரோ ஏமாந்து இழந்த பணம் சுற்றிச் சுற்றி இவரிடம் வந்து சேர்ந்திருந்தது. பென்ஷனும் அதே கணக்கில். மாதக்கணக்கில் அலைந்தார். போலி காகிதத்தைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் 'பணம் ஏறிவிட்டது' என்பதும் இங்கே போதவில்லை. யார் பெயரிலிருந்து ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உண்மையான வாங்குபவருக்கு இது சிரமமே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இங்கே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கு இருக்கும். அதிலிருந்து தன் பெயரிலேயே ஆர்.டி.ஜி.எஸ். (வங்கிக்கு வங்கி பெரிய தொகையை உடனே அனுப்பும் முறை) செய்யச் சொல்லுங்கள். 2 லட்சம் ரூபாயிலிருந்து அனுப்பலாம், 2020 டிசம்பரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் நடக்கிறது. கணக்கில் ஏறிய பணத்தை அனுப்பியவர் தன் இஷ்டத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. நேரடியாக வெளிநாட்டு வங்கியிலிருந்துதான் வரும் என்றால் விலையை ரூபாயில் பேசிக்கொள்ளுங்கள், வங்கிக் கட்டணம் முழுவதும் அவருடையது என்றும் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் இடையில் உள்ள வங்கிகள் பிடித்ததுபோக மீதிதான் வரும். வெளிநாட்டுக் காசோலை வேண்டாம். முழுத் தொகையையும் ரொக்கமாகத் தருகிறேன் என்று அவர் அப்பாவே வந்தாலும் வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தராது.

வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30-ல் வெற்றுக் கையெழுத்துப் போட்டு ஆர்.சி.யோடு கொடுத்து அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்குபவரின் பாஸ்போர்ட் நகல், வண்டியை எடுத்துப்போக வருபவரின் அடையாள அட்டை, விற்பனை ஒப்பந்தம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கணக்கு முடங்கினால் இந்தக் காகிதங்கள்தான் பேசும். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் எங்களைத் தேடி வருவதற்கு முன்பே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க வேண்டும்.

ஆசிரியர் என் முன்னாலேயே அந்த துபாய்க்காரரின் எண்ணைக் கூப்பிட்டு, "தம்பி, என்.ஆர்.இ. கணக்கிலிருந்து உங்க பேரிலேயே போட்டுடுங்க" என்றார். மறுமுனையில் கொஞ்சம் மௌனம். பிறகு தொடர்பு துண்டானது. அவர் பேங்கை விட்டு இறங்குவதற்குள் வாட்ஸ்அப்பில் அந்த முகப்புப் படமும் காணாமல் போயிருந்தது.