டெம்பர்: வந்ததா, போனதா?

கால்பந்துச் செய்திகளில் இரண்டு விதமான வாக்கியங்கள் கண்ணில் படும். 'வீரர் டெம்பர் ஆனார்' என்பது ஒன்று, 'வீரர் டெம்பரை இழந்தார்' என்பது இன்னொன்று. இரண்டும் சொல்வது ஒரே சம்பவத்தைத்தான். ஆனால் முதல் வாக்கியத்தில் டெம்பர் வந்து சேர்கிறது, அடுத்ததில் அதே டெம்பர் கைவிட்டுப் போகிறது. எதிரெதிரான இரண்டும் எப்படி ஒரே பொருளைத் தருகின்றன?

மூலத்துக்குப் போனால் விடை கிடைக்கும். லத்தீனில் 'டெம்பராரே' என்று ஒரு வினைச்சொல். சரியான அளவில் கலப்பது, மட்டுப்படுத்துவது என்று பொருள். டெம்பரேச்சர், டெம்பரமென்ட் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவைதான். எஃகு அளவுக்கு மீறிக் கடினமானால் உடைந்துவிடும், இளகினால் வளைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அதற்கு ஏற்றும் பதம்தான் டெம்பர். செல்போன் கடையில் 'டெம்பர் கிளாஸ் ஒட்டுங்க' என்று கேட்கிறோமே, அந்த டெம்பரும் இதுதான். கண்ணாடியைப் பதப்படுத்தி உறுதியாக்கும் முறை.

இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் இதை மனிதருக்கும் பொருத்தினார்கள். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என நான்கு நீர்கள் உடம்பில் கலந்திருக்கின்றன, அந்தக் கலவை சரியாக இருந்தால் ஆள் சரியாக இருப்பான் என்று நம்பினார்கள். நம் மருத்துவத்திலும் வாதம், பித்தம், கபம் உண்டு. 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்ற பேச்சும் உண்டு. ஆகவே டெம்பர் என்பது முதலில் கோபம் அல்ல, கோபம் தலைக்கேறாமல் வைத்திருக்கும் சமநிலை. அதைத்தான் ஒருவர் 'இழக்கிறார்'. காலப்போக்கில் ஆங்கிலத்திலேயே கோபத்துக்கும் அதே சொல் வந்துவிட்டது. நாம் அந்தப் பிந்தைய பொருளை எடுத்துக்கொண்டு 'டெம்பர் ஆயிட்டான்' என்று பேசத் தொடங்கினோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கோபம் என்று எழுதிவிடலாம்தான். சமஸ்கிருதத்திலிருந்து வந்து நமக்கு நன்றாகப் பழகிய சொல். ஆனால் களத்தில் நடப்பதை அது பாதிதான் சொல்கிறது. தொண்ணூறு நிமிடமும் கோபத்தோடு ஆடி, நடுவரிடம் தண்டனை அட்டை எதுவும் வாங்காமல் வெளியே வரும் வீரர்கள் உண்டு. கோபம் வருவது ஒன்று, அதைப் பிடித்திருந்த பிடி நழுவுவது வேறொன்று. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. செய்தி எழுதுகிறவர்கள் இவற்றைக் கலந்துவிடக் கூடாது என்பதே என் ஆசை.

முதலில் வருவது வெகுளி. இன்றைய பேச்சில் 'அவன் ஒரு வெகுளி' என்றால் சூதுவாது தெரியாதவன். பழைய பொருள் சினம். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் தெரியும் உணர்ச்சிகளில், ஒன்றாக வெகுளியைச் சொல்கிறது. அது எதனால் பிறக்கும் என்றும் நான்கு காரணங்களைத் தருகிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பறை என்றால் உடலுறுப்பைச் சிதைத்தல். குடிகோள் என்பதற்கு மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றுக்குக் கேடு சூழ்தல் என்று உரை சொல்வார்கள். அலை என்றால் வைதலும் அடித்தலும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 2006 ஜூலை 9, பெர்லின் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போவோம். பிரான்ஸும் இத்தாலியும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரான்ஸ் வீரர் ஜினடின் ஜிடானுக்கு அதுதான் கடைசி ஆட்டம். 7ஆவது நிமிடத்தில் பெனால்டியில் அவர் கோல் அடிக்க, 19ஆவது நிமிடத்தில் இத்தாலியின் மார்கோ மாட்டராசி சமன் செய்கிறார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது. ஜிடான் தலையால் முட்டி அனுப்பிய பந்தை கோல்கீப்பர் பஃபோன் தட்டிவிடுகிறார். அது உள்ளே போயிருந்தால் கோப்பை ஏறக்குறைய பிரான்ஸுக்குத்தான். அதற்குச் சில நிமிடங்கள் கழித்து மாட்டராசி ஜிடானின் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். 'சட்டை வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன்' என்கிற பொருளில் ஜிடான் ஏதோ சொல்ல, பதிலுக்கு அவருடைய சகோதரியை இழுத்து ஒரு வார்த்தை வருகிறது. இதை மாட்டராசியே பின்னர் ஒப்புக்கொண்டார். சந்தேகமே வேண்டாம், குடிகோள்.

ஜிடான் சில அடி முன்னே நடக்கிறார். அப்புறம் திரும்பி வந்து மாட்டராசியின் மார்பில் தலையால் முட்டுகிறார். 110ஆவது நிமிடம். அர்ஜென்டினா நடுவர் ஓராசியோ எலிசோண்டோ சிவப்பு அட்டையைக் காட்டி ஜிடானை வெளியேற்றுகிறார். பெனால்டி ஷூட்அவுட்டில் இத்தாலி 5-3 என்று வென்றது.

வெகுளி பிறந்ததற்கு அங்கே காரணம் இருந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனது வேறு ஒன்று. அதன் பெயர் நிதானம்.

நிதானம் வந்த வழியும் சுவையானது. வேதகால சமஸ்கிருதத்தில் இது கட்டும் கயிற்றைக் குறித்தது. பிறகு மூல காரணம் என்ற பொருளைப் பெற்றது. ஆயுர்வேதத்தில் நோயின் காரணத்தை ஆராய்வது நிதானம். தமிழுக்கு வந்து அளவறிந்து பதறாமல் நடப்பதைக் குறிக்கத் தொடங்கியது. வண்டி ஓட்டுகிறவரிடம் 'நிதானமா போங்க' என்கிறோம், குடித்துத் தள்ளாடுகிறவரை 'நிதானத்துல இல்ல' என்கிறோம். டெம்பரின் பழைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான புழக்கச் சொல் தமிழில் இல்லை என்பது என் கருத்து. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் 'தன்னிலை' என்று எழுதலாம். தன்னிலை இழந்தார், நிதானம் தவறினார், இரண்டுமே சரி. 'டெம்பர் ஆனார்' என்பதை விட்டுவிடலாம்.

மூன்றாவதாக ஒரு சொல்லும் தேவைப்படுகிறது: ஆத்திரம். இதற்குச் சினம் என்றும் பொருள், அவசரம் என்றும் பொருள். 'ஆத்திர அவசரத்துக்கு உதவும்' என்கிறோமே, அதில் கோபம் துளிகூட இல்லை. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்ற பழமொழியில் இரண்டும் கலந்திருக்கின்றன. யோசிக்க இடம் கொடுக்காமல் கை காலை முந்தவைக்கும் கோபத்துக்கு இந்தச் சொல் அப்படியே பொருந்தும்.

1998 ஜூன் 30, உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில், பிரான்ஸின் செந்த் எத்தியேன் நகரில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் 2-2 என்று நிற்கின்றன. 47ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் டியேகோ சிமியோனி பின்னாலிருந்து மோதி இங்கிலாந்தின் டேவிட் பெக்காமைக் கீழே தள்ளுகிறார். குப்புறக் கிடந்த பெக்காம், கிடந்தபடியே காலைத் தூக்கி சிமியோனியை உதைக்கிறார். பெரிய உதையும் இல்லை. தான் விழுந்ததில் மிகை இருந்தது என்று சிமியோனியே பிற்பாடு சொன்னார். ஆனால் நடுவர் கிம் மில்டன் நீல்சன் சில அடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், சிவப்பு அட்டையைக் காட்டினார். இங்கிலாந்து பத்துப் பேருடன் போராடி, பெனால்டியில் 4-3 என்று தோற்றது. பெக்காமின் கொடும்பாவியைக் கட்டித் தொங்கவிடும் அளவுக்கு ஊர் கொந்தளித்தது. 23 வயது இளைஞனுக்கு அது மிகக் கொடுமையான தண்டனை. நான்கு ஆண்டுகள் கழித்து, சப்போரோவில் அதே அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டியில் இங்கிலாந்து 1-0 என்று வென்றது.

இரண்டு சம்பவங்களையும் 'டெம்பர்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. பெக்காமுடையது ஆத்திரம், வந்த நொடியிலேயே வெளிப்பட்டது. ஜிடானுடையது வெகுளி, சில அடி நடந்து போய்த் திரும்பி வந்தது. இருவரும் நிதானம் தவறினார்கள் என்பது மட்டும் பொது. முன்கோபம் என்பது இவற்றிலிருந்து தனி, அது ஒருவரின் இயல்பைச் சொல்வது. 1998 உலகக் கோப்பையிலும் சவுதி அரேபிய வீரர் ஒருவரை மிதித்து ஜிடான் வெளியேற்றப்பட்டிருக்கிறார். அவரை முன்கோபி என்று எழுதினால் அதற்கு ஆதாரம் உண்டு. பெக்காமை ஒற்றை உதைக்காக அப்படி எழுதுவது நியாயமில்லை.

சர்வதேச ஆட்டங்களில் நிதானம் தவறுவது இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கிளப் அணி சனிக்கிழமை தோற்றால் அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் இருக்கும். உலகக் கோப்பை நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான், நாக் அவுட்டில் தோற்றால் அன்றைக்கே ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். எதிரணியும் அதை அறிந்தே சீண்டுகிறது.

நடுவரின் விதிப்புத்தகத்தில் கோபம் ஒரு குற்றமே அல்ல. 12ஆவது விதி பார்ப்பது செயலை: எதிராளியைத் தாக்கினால், தாக்க முயன்றாலும்கூட, அது வன்செயல், சிவப்பு அட்டை. இழிவான, புண்படுத்தும் பேச்சுக்கும் அதே அட்டைதான். தொல்காப்பியம் வைதலையும் அடித்தலையும் 'அலை' என்று ஒன்றாக வைத்தது போலவே இந்த விதியும் இரண்டையும் வெளியேற்றும் குற்றமாக வைத்திருக்கிறது. ஆனால் அடி கண்ணில் படும், வசவு நடுவரின் காதில் விழ வேண்டும். பெர்லினில் மாட்டராசிக்கு அந்த வார்த்தைக்காக அட்டை எதுவும் காட்டப்படவில்லை. பிறகு உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா விசாரித்து ஜிடானுக்கு மூன்று ஆட்டங்களும் மாட்டராசிக்கு இரண்டு ஆட்டங்களும் தடை விதித்தது. ஜிடான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டதால், தடைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்ய முன்வந்தார்.