சர்வரில் 12289 என்று வந்தால்

ஒரு சிறிய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கோப்புகள் வைத்திருக்கும் லினக்ஸ் சர்வர் வாரத்துக்கு இரண்டு முறை அப்படியே நின்றுவிடுகிறதாம். ராம் மாற்றியாயிற்று, பவர் சப்ளையும் மாற்றியாயிற்று. பதிவுகளைப் பார்த்தால் கெர்னல், அதாவது லினக்ஸின் மையநிரல், ஒருநாள் ஃபைல் சிஸ்டத்தில் விழுந்திருக்கிறது, இன்னொரு நாள் நெட்வொர்க்கில். இப்படி இடம் மாறி மாறி விழுந்தால் நான் முதலில் பார்ப்பது ஓர் எண்ணைத்தான். ப்ராக் அடைவில் சிஸ், அதற்குள் கெர்னல், அதில் டெயின்டட் என்றொரு கோப்பு. திறந்தால் 12289.

டெயின்ட் என்றால் கறை. கெர்னல் தன்மேல் படிந்த ஒவ்வொரு கறைக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. 1 என்றால் மூடிய உரிமம் கொண்ட மாட்யூல் (கெர்னலுக்குள் ஏற்றும் துணைநிரல், பெரும்பாலும் ஏதாவதொரு கருவியின் டிரைவர்) ஏறியிருக்கிறது. 4096 என்றால் அது கெர்னல் மூலநிரலோடு வராமல் வெளியிலிருந்து வந்தது. 8192 என்றால் கையொப்பம் இல்லாதது. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அந்த சர்வரில் ஸ்டோரேஜ் கார்டு விற்றவர்கள் கொடுத்த டிரைவர் ஒன்றே மூன்று கறைக்கும் காரணம். கறை படிந்துவிட்டதால், ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளில் (lock) வரும் பிழைகளைச் சோதிப்பதை நிறுத்துகிறேன் என்று பூட் ஆகும்போதே கெர்னல் ஒரு வரி எழுதிவைத்திருந்தது. அதை யார் படிக்கிறார்கள்?

சாதாரண செயலி தப்பு செய்தால் அதோடு போகும். மாட்யூல் அப்படியில்லை, அது கெர்னலின் நினைவகத்திலேயே, கெர்னலின் அதிகாரத்தோடு ஓடுகிறது. நினைவக இடத்தைச் சுட்டும் பாயின்டர் எங்கோ ஒன்று தவறினால் பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணி அடித்துவிடும். விழுவது ஃபைல் சிஸ்டம், பழியும் அதற்குத்தான். அதனால்தான் கெர்னல் எழுதுபவர்களுக்குப் பிழையைப் புகாராக அனுப்பினால், அந்த மாட்யூலை ஒருமுறைகூட ஏற்றாமல் மறுபடி பூட் செய்து அதே பிழை வருகிறதா பாருங்கள் என்று பதில் வரும். மாட்யூலை இறக்கினால் மட்டும் போதாது. ரீபூட் செய்யும்வரை கறை போகாது. இதைத் திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. மூலநிரல் கையில் இல்லாதபோது அவர்கள் எதைப் படித்துப் பிழை தேடுவார்கள்?

அப்படியானால் மூடிய மாட்யூலை ஏற்றவே விடாமல் தடுத்துவிடலாமே? 2006 டிசம்பரில் கெர்னல் எழுதுபவர்களில் ஒருவரான கிரெக் குரோவா ஹார்ட்மன் அதற்கு ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) கொண்டுவந்தார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கிரெக்கும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதனால் கெர்னலில் இருப்பது ஒரு நடுவழி: சில ஃபங்ஷன்களை எந்த மாட்யூலும் அழைக்கலாம், சிலவற்றைத் தன் உரிமம் ஜிபிஎல் (மூலநிரலைத் திறந்து தரும் உரிமம், கெர்னலின் உரிமமும் அதுவே) என்று அறிவித்த மாட்யூல் மட்டுமே அழைக்கலாம். இதையும் ஏமாற்றப் பார்த்தார்கள். 2004இல் ஒரு மோடம் டிரைவர், உரிமம் எழுதும் இடத்தில் ஜிபிஎல் என்று எழுதி, உடனே 'நல்' (null) என்ற எழுத்தைப் போட்டு, அதற்குப் பின்னால் மீதி நிபந்தனையை எழுதியிருந்தது. கெர்னல் எழுதப்பட்ட சி மொழியில் 'நல்' வந்தால் எழுத்துச் சரம் அங்கே முடிந்தது. கெர்னல் முன்பாதியை மட்டும் படித்து நம்பிவிட்டது! ஜிபிஎல் மாட்யூல் ஒன்றை இடைத்தரகராக வைத்து உள்ளே நுழையும் வழியை 2020இல் வந்த 5.9 பதிப்பு அடைத்தது.

அடுத்த தொல்லை அப்டேட். கெர்னலின் உள் இடைமுகம், அதாவது மாட்யூல்கள் கெர்னலோடு பேசும் முறை, பதிப்புக்குப் பதிப்பு மாறும். நிலையாக வைப்பதாகக் கெர்னல் எழுதுபவர்கள் வாக்குக் கொடுத்ததே இல்லை. மூலநிரலுக்குள் இருக்கும் டிரைவர்களை, மாற்றுபவரே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருப்பதை விற்ற கம்பெனிதான் திருத்த வேண்டும். அவர்கள் அந்த மாடலைக் கைவிட்டிருந்தால் பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் பழைய கெர்னலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் பார்த்த சர்வரும் அப்படித்தான் கிடந்தது.

கிராபிக்ஸ் கார்டு விற்கும் என்விடியாகூட 2022 மே மாதம் தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை எம்ஐடி, ஜிபிஎல் என்ற திறந்த உரிமங்களில் வெளியிட்டது. அதற்காக எல்லாம் திறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முக்கியமான வேலைகளில் பலவற்றைக் கார்டிலேயே ஓடும் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் நிரல்) பார்த்துக்கொள்கிறது, அது மூடியதுதான்.

கார்டு வாங்கும்போது "லினக்ஸில் ஓடுமா" என்று கேட்டால் எல்லாரும் ஓடும் என்பார்கள். டிரைவர் கெர்னலோடே வருகிறதா, தனியாகப் பதிவிறக்க வேண்டுமா என்று கேளுங்கள். பழைய கணினியில் சந்தேகம் இருந்தால் மாட்இன்ஃபோ கட்டளை கொடுத்து உரிம வரியைப் பாருங்கள்.

அந்த அலுவலகத்தில் கார்டையே மாற்றினோம், டிரைவர் கெர்னலிலேயே உள்ள ஒன்றாக. தகவலை நகலெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. இப்போது அந்தக் கோப்பைத் திறந்தால் 0.